வயிற்றுக் கோளாறுக்குத் தாய் சி சரிவருமா?

(கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலையத்தில் ஆற்றிய உரை)

எல்லாருக்கும் வணக்கம். காஸ்ரிக் யாருக்கு என்று கேட்டால் இந்த மண்டபத்தில் பாதிக் கை உயரும். விடிய வெறும் பிளேன்ரீ, வயலில் வெற்றிலை, மத்தியானச் சோறு மூன்று மணிக்கு, நாரி நோவுக்கு வெறும் வயிற்றில் ஒரு டைக்குளோபினாக். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இதற்குத் தாய் சி, அதாவது மூச்சோடு சேர்த்து மெதுவாக உடம்பை அசைக்கும் சீனப் பயிற்சி, செய்யலாமா என்றால், எந்த வயிறு என்று முதலில் பார்க்க வேண்டும். குடற்புண்ணுக்கு அது மருந்தல்ல. பெரும்பாலான குடற்புண்ணுக்குக் காரணம் ஒன்றில் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது நான் சொன்ன அந்த நோக்குளிசை. கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைக் கையசைத்துத் துரத்த முடியாது, அன்ரிபயோட்டிக் வேண்டும். மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கக் கஷ்டமென்றாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

இன்னொரு வயிறு இருக்கிறது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாது; ஆனால் ஊதும், பிடித்து வலிக்கும், ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றோட்டம். யோசனை கூடினால் அதுவும் கூடும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மூளைக்கும் குடலுக்கும் நடுவே வேகஸ் நரம்பு ஓடுகிறது. மெதுவான ஆழ்ந்த மூச்சு அதன் வழியாக உடம்பைத் தணிக்கும். தாய் சிக்கு இடமிருப்பது இங்கேதான்.

சரி, சான்று? முதியவர்கள் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. வயிற்றுக்கு அவ்வளவு வலுவில்லை. ஆராய்ச்சியில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிக் குளிசை கொடுப்பதுபோலப் போலித் தாய் சி கொடுக்க முடியாதே! குணம் அசைவாலா, நம்பிக்கையாலா, கூடியிருந்து கதைத்ததாலா என்று பிரிப்பது கஷ்டம். எனக்கென்றால் அந்தக் கதையும் மருந்தாகத்தான் படுகிறது.

செலவில்லை. சீனாவில் 1956 இல் சுருக்கிய 24 அசைவுகளையும் பழக வேண்டுமென்றில்லை. முதல் அசைவு போதும்: கால்களைத் தோளகலம் வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் தோளளவு உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். வயிறு மூச்சோடு எழும்பி விழ வேண்டும். சாப்பிட்ட கையோடு வேண்டாம். டொக்டர் தந்த குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வயலில் அருவி வெட்டு நேரம் ஒருவரும் வரமாட்டீர்கள், தெரியும். அதனால் இப்போதே தொடங்குவம். போரில் கால் இழந்தவர்கள் கதிரையில் இருந்தபடியே செய்யலாம். தம்பிமார், அந்தக் கதிரைகளைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ.