ஏட்டுச் சுரைக்காயும் ஒரு நீலக்கோடும்

(வேலூரில் வாசகர் கூட்டமொன்றில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் நகரப் பெரியவர்களே, ஆரணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த தமிழாசிரியர் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய அம்மையார் அவர்களே, ஒலிபெருக்கித் தம்பியே! யாரையாவது விட்டிருந்தால் சால்வையைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

படம், பழம், பாலாறு என்று மூன்று தலைப்பை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்.

சுவரில் தொங்குவது கலிபோர்னியாவின் குக்கமாங்கா பகுதி. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1900-ஐ ஒட்டி அச்சிட்ட நிலப்படம். அளவு 1:62,500. நம்முடைய பழைய ‘ஓரங்குலம் ஒரு மைல்’ படம் 1:63,360. ஏறக்குறைய அண்ணன் தம்பி. வடக்கே சான் கேப்ரியல் மலையில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புச் சமஉயரக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அடிவாரத்தில் அவை விலகி விசிறியாக விரிகின்றன. ஆரஞ்சும் எலுமிச்சையும் செழித்த மண் அதுதான். மலையோடை அங்கே வந்ததும் சரளைக்குள் மறைந்துவிடும். பாலாற்றுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார் என் தாத்தா. நானும் நம்பியிருந்தேன், என் மைத்துனர் காட்பாடிப் பக்கம் மனை வாங்கும்வரை. வாஸ்துக்காரர் மூன்று தடவை வந்தார். வாசல் இரண்டு தடவை இடம் மாறியது. 2021 நவம்பர் மழையில் நள்ளிரவுத் தொலைபேசி: “மாமா, கிரைண்டர் மிதக்கிறது!” கிரைண்டர் மிதக்காதே என்றேன். “அப்படியானால் மிதப்பது மூடி. கிரைண்டரைக் காணவில்லை.” விடிந்ததும் போனேன். சோபா நடுவில் ஒரு தவளை, வீட்டுக்காரர் தோரணையில். கட்டில்மேல் சம்மணமிட்டிருந்த என் மாமியார் கேட்டார்: “வாஸ்து பார்த்தீர்களே, வாய்க்கால் பார்த்தீர்களா?” பழைய ஓரங்குலப் படத்தை விரித்தோம். ஏரிக்குப் போகும் நீலக்கோடு வீட்டின் மேலேயே ஓடுகிறது. பட்டா தவளைக்குத்தான்!

ஏட்டுச் சுரைக்காயை அன்றே கறி சமைத்திருந்தால் கிரைண்டராவது பிழைத்திருக்கும்.

பழம்? 1873-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகருக்கு வந்த நேவல் ஆரஞ்சுக்கு விதையே கிடையாது, ஒட்டுக்கட்டித்தான் பரப்பினார்கள். அதற்கு வேறு கூட்டம் போடுங்கள், வருகிறேன். அந்த அடிவாரத் தோட்டக்காரர்கள் மழை வெள்ளத்தைச் சரளையில் பரப்பி நிலத்தடியில் இறக்கினார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் முன்னோர் அதே வேலைக்கு ஏரி வெட்டினார்கள். நாம் வரத்துக்கால்வாயில் வீடு கட்டிவிட்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறோம்.

ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அந்த ஊரின் ஏரி, கால்வாய், உபரிநீர் வழியும் கலங்கல் எல்லாவற்றையும் பழைய படத்தில் உள்ளபடி பெரிதாக எழுதி வைக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் சுவருக்காவது வரட்டும்! மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கே முதலில் சுண்டல் என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.