சுவருக்கு எதிரே குடியிருப்பவர்

வணக்கம்.

ஒரு சுற்றுச்சுவருக்கு உட்பக்கமும் உண்டு, வெளிப்பக்கமும் உண்டு. உட்பக்கம் வீட்டுக்காரர் கண்ணில் படும். வெளிப்பக்கத்தை அவர் வண்டியை எடுக்கும்போதும் வந்து நிறுத்தும்போதும் பார்ப்பதோடு சரி. அதைக் காலையிலிருந்து ராத்திரி வரை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எதிர்வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், பஸ்ஸுக்காக நிற்பவர்கள். பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே வாழ்பவர் வேறொருவர். தெரு ஓவியத்துக்குத் தத்துவம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம்.

நம் சேலத்தில் ஒரு சுவர் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். தேர்தல் நெருங்கினால் வெள்ளையடித்து, கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி இடம் பிடித்து வைத்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் சிமென்ட் கம்பெனி, ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர். ஐந்து ரோடு மேம்பாலத்தின் கீழே போகும்போது தூண்களைக் கவனியுங்கள். கண்ணீர் அஞ்சலி மேல் காதணி விழா, அதன் மேல் புதுப்படம் என்று சுவரொட்டிகள் அடுக்கடுக்காகத் தடித்துப் போயிருக்கும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் அதன்பாட்டுக்கு இருக்கிறது. பணமோ செல்வாக்கோ இருப்பவருக்குச் சுவர் கிடைக்கிறது, இரண்டும் இல்லாதவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வரிசையில் நிற்க மறுத்தவர்கள்தான் தெரு ஓவியத்தைத் தொடங்கினார்கள். பாரிஸில் பிளெக் லெ ரா என்ற கலைஞர் 1981ல் அட்டையில் எலி உருவத்தை வெட்டி, சுவரில் வைத்து ஸ்ப்ரே அடிக்க ஆரம்பித்தார். அட்டையை வைத்து அடித்தால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும், போலீஸ் வருவதற்குள் போய்விடலாம். அனுமதி இல்லாமல் வரைந்தது சரியா தப்பா என்று வாதாடலாம். ஆனால் இந்தத் தெருவில் எனக்கும் ஒரு வார்த்தை சொல்ல இடம் வேண்டும் என்று அந்த எலி கேட்டது நியாயமான கேள்வி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் சுவரில் கை வைத்தவர்களில் முதல் மரியாதை விளம்பரம் எழுதும் பெயின்டருக்குத்தான். அவர் வேலை செய்யும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த வெள்ளையின் மேல் நீலப்பொடி தோய்த்த நூலை இந்த முனையில் ஒருவரும் அந்த முனையில் ஒருவரும் இழுத்துப் பிடிப்பார்கள். நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே சாக்பீஸால் எழுத்துகளின் எலும்பை மட்டும் போட்டுக்கொள்வார். அப்புறம் பட்டைத் தூரிகை. ‘ழ’வின் அடிச்சுழியைத் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பதற்குள் மூச்சைப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் கறுப்பு நிழல் கொடுத்ததும் எழுத்து சுவரை விட்டு எழுந்து நிற்கும். மூலையில் சின்னதாக ஏதோ ஒரு ‘ஆர்ட்ஸ்’ என்று கையெழுத்து. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துபோனது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

தெருவுக்குச் சொந்தமான கலை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் வெளியூர் உதாரணம் தேட மாட்டேன். ஆடிப் பண்டிகையில் குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைக் காட்டுவேன். ஒவ்வொரு பகுதி இளைஞர்களும் சேர்ந்து காசு போட்டு, என்ன புராணக் காட்சி என்று முடிவு செய்து, பக்கத்துத் தெருக்காரனுக்குத் தெரியாமல் வண்டியை அலங்கரிக்கிறார்கள். நேற்றுவரை தறி ஓட்டியவர் அன்று சிவனாக நிற்கிறார். ஜனங்கள் மாடியிலும் திண்ணையிலும் ஏறி நின்று, போன வருஷத்தைவிட இது பரவாயில்லை, அது சுமார் என்று விமர்சனமும் செய்கிறார்கள். போடுபவரும் பார்ப்பவரும் ஒரே தெருக்காரர்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் முகத்துக்கு நேரே சொல்லலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஓவியத்தை வெளியே வைத்துவிட்டால் மட்டும் அது பொதுக்கலை ஆகிவிடாது. பார்ப்பவர் பதில் சொல்ல வழி இருக்க வேண்டும்.

அரசாங்கமும் நிறுவனங்களும் சேர்ந்து ‘அழகுபடுத்தும்’ பணிகளில் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. சென்னை கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் பல மூலைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த குடியிருப்பு அது. 2020ல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வந்தன. ஊர் அந்த இடத்தை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேலைக்கு மனுப் போடும்போது முகவரி எழுதத் தயங்கும் பையனுக்கு அது பெரிய விஷயம். ஆனால் குடிதண்ணீர், பஸ், வேலைக்குப் போய்வரும் தூரம் என்று அந்த மக்கள் கேட்ட கேள்விகளும் அந்தச் சுவருக்குள்ளேதான் இருக்கின்றன. வண்ணம் அவற்றுக்குப் பதிலாக முடியாது.

பெர்லினில் இதற்கு நேரெதிராக ஒன்று நடந்தது. க்ராய்ஸ்பர்க் பகுதியில் ப்ளூ என்ற இத்தாலியக் கலைஞர் வரைந்த இரண்டு பெரிய ஓவியங்கள் பேர்பெற்றவை. பக்கத்து நிலத்தில் கட்டிடம் எழும்பப்போகிறது, ஓவியமே அந்த இடத்தின் விலையை ஏற்றப்போகிறது என்ற நிலை வந்ததும், 2014 டிசம்பரில் கலைஞரின் சம்மதத்தோடு இரண்டின் மேலும் கறுப்பு பூசிவிட்டார்கள். அங்கே குடியிருந்த ஏழைகளை வெளியேற்றுவதற்குத் தன் ஓவியம் காரணமாக வேண்டாம் என்று அழித்த கையை நான் வணங்குகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தில்லியில் விஞ்ஞான் பவன் என்ற மத்திய அரசின் மாநாட்டு அரங்கில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979ல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். காசு கொடுத்து வாங்கியவர் என்பதற்காகப் படைப்பைச் சிதைக்க முடியாது என்று சொல்லி, 2005ல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. அதில் உரிமையாளர் இருக்கிறார், கலைஞர் இருக்கிறார். தினமும் பார்த்தவர் அந்த வழக்கில் எங்கேயும் இல்லை.

ஏற்காட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறோம். வழியில் பாறைகளின் மேல் எனாமலில் காதலர் பெயர், கட்சிச் சின்னம், லாட்ஜ் விளம்பரம் என்று எழுதினால் அதையும் தெருக்கலை என்று சிலர் வாதாடுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவர் மனிதன் கட்டியது. உள்ளே ஒருவரை வைத்து வெளியே ஒருவரை நிறுத்துகிறது, அதனால் அதனோடு நமக்குப் பேச்சு உண்டு. சேர்வராயன் மலைப் பாறை நம் யாரையும் தடுக்கவில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் மணாலி ரோடு மலைப்பாறைகளில் விளம்பரம் தீட்டிய நிறுவனங்களை 2002ல் உச்ச நீதிமன்றமே கண்டித்து அபராதம் போட்டது. அது நம் மலைக்கும் பொருந்தும்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆடி முடிந்ததும் வண்டி வேடிக்கைக்கு உழைத்த கைகள் அடுத்த ஆடிவரை சும்மா இருக்கின்றன. எழுத்துக்கார பெயின்டர்களும் இருக்கிறார்கள். அம்மாப்பேட்டை நெசவாளர் தெருவில் ஒரு சுவர், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சுவர், ஆரம்பிக்க இது போதும். வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றி வரையட்டும். அதற்கு முன் எதிரே குடியிருப்பவர்களை உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம், வெள்ளையாகவே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னால் நன்றாக வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.