உறிஞ்சி எடுக்கவா, பிடித்து வைக்கவா?

எல்லோருக்கும் வணக்கம். சுரங்கத்துப் பக்கத்து மண் கெட்டுப்போனால் செடி நட்டால் போதும், மண் சுத்தமாகிவிடும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பாதிதான் சரி. எண்ணெய்க் கசிவு என்றால் நுண்ணுயிர்கள் பெரும்பகுதியை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும், ஆனால் ஈயமும் காட்மியமும் தனிமங்கள், அவற்றை எந்த உயிரும் சிதைக்க முடியாது. செடியால் முடிவது முக்கியமாக இரண்டு வேலைதான். உலோகத்தை வேர் வழியாக இலைக்கு ஏற்றும், இல்லையென்றால் வேரடியிலேயே நகரவிடாமல் பிடித்து வைக்கும்.

முதல் வேலையில் அசத்தும் செடிகள் நிஜமாகவே இருக்கின்றன. நியூ கலிடோனியாவில் பைக்னாண்ட்ரா அக்யூமினாட்டா என்று ஒரு மரம், பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும், அந்த நிறம் நிக்கல். காய்ந்த பாலின் எடையில் கால் பங்கு வரை நிக்கல் இருக்கிறது! 1976-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். அப்புறம் ஆர்செனிக்குக்கு ஒரு பெரணி, டெரிஸ் விட்டாட்டா. ஃபுளோரிடாவில், மரக்கட்டைகள் உளுத்துப்போகாமல் இருக்க ஆர்செனிக் மருந்து ஏற்றியதால் கெட்டுப்போன நிலத்தில் அது செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்ததைக் கவனித்து 2001-இல் அறிவித்தார்கள். மற்ற செடிகள் சாகும் அளவு ஆர்செனிக்கை அது இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

இதைக் கேட்டதும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் மேல் 20 செ.மீ. மண் மட்டுமே சுமார் 2600 டன். அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயத்தைக் குறைக்க வேண்டுமென்றால் 260 கிலோ ஈயத்தை வெளியே எடுத்தாக வேண்டும். உலர்ந்த எடையில் 10 டன் விளைச்சல், அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், ஒரு அறுவடைக்கு ஒரு கிலோதான் வரும். 260 அறுவடை! நிக்கல் அப்படியில்லை. இலையில் ஒரு சதவீதம் சேர்க்கும் செடி அதே 10 டன் விளைந்தால் ஒரே அறுவடையில் 100 கிலோ கிடைக்கும், அதனால்தான் அல்பேனியாவில் நிக்கலைப் பயிராகவே விளைவித்துப் பார்க்கிறார்கள். ஈயம் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும், செடி கேட்டாலும் எளிதில் கொடுக்காது. ஈ.டி.டி.ஏ. என்ற, உலோகத்தைப் பிடித்துக் கரைக்கும் வேதிப்பொருளை ஊற்றிக் கரைத்துவிடலாமே என்று ஒரு யோசனை இருந்தது, கரைந்த ஈயத்தைச் செடி எடுப்பதற்குள் மழை அதை நிலத்தடி நீருக்குக் கொண்டுபோய்விடும். என்னைக் கேட்டால், சுரங்கத்துக்குப் பக்கத்தில் யாரும் இதைத் தொடவே கூடாது.

அதனால் ஈயம், துத்தநாகம் கலந்த பெரிய கழிவு மேடுகளுக்கு இரண்டாவது வேலைதான் சரி என்பேன். மேட்டின் ஆபத்தே தூசிதான், காற்றில் பறந்து வீட்டுத் திண்ணையில் படிகிறது, குழந்தையின் கைக்கு வருகிறது, மழையில் ஓடைக்குப் போகிறது. மேட்டைப் புல் மூடினால் இந்த வழிகள் பெரும்பாலும் அடைபடும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பிராட்ஷா என்ற தாவர ஆராய்ச்சியாளரும் அவரோடு இருந்தவர்களும் பழைய சுரங்கக் கழிவிலேயே தானாக முளைத்துத் தாக்குப்பிடித்த புற்களைப் பொறுக்கி மெர்லின், கோகினன், பாரிஸ் என்று ரகங்களாக்கினார்கள். சுண்ணாம்புத்தன்மை உள்ள ஈயக் கழிவுக்கு மெர்லின், அமிலத்தன்மை உள்ளதற்குக் கோகினன், செம்புக் கழிவுக்குப் பாரிஸ். நம்ம வெட்டிவேரும் இந்த வேலைக்குத்தான் பல நாடுகளில் போகிறது, சரிவில் மண்ணை இறுக்கிப் பிடிக்கும், உறிஞ்சும் உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். ஆனால் வெறும் கழிவில் நட்டால் பெரும்பாலும் எதுவும் செழிக்காது, தொழு உரமும், அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்பும் கட்டாயம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பாஸ்பேட் உரம் போட்டால் ஈயம் கரையாத உப்பாகிக் கட்டுப்படும். அதே பாஸ்பேட் ஆர்செனிக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை அவிழ்த்துவிடும். இரண்டும் சேர்ந்த மண்ணில் பரிசோதனை செய்யாமல் உரம் போட்டால் கிணற்றுக்கு நாமே ஆர்செனிக் அனுப்பியதாக ஆகிவிடும்.

உறிஞ்சும் செடிதான் வேண்டும் என்றால், அறுத்த இலை எங்கே போகும் என்பதை முதலில் பேசி முடியுங்கள். அது குப்பையோ உரமோ இல்லை, நச்சுக் கழிவு. கண்ட இடத்தில் எரித்தால் ஆர்செனிக் புகையோடு போகும், மட்கவைத்தால் திரும்ப மண்ணுக்கே வரும். ஆடு மாடு மேயாமல் வேலி வேண்டும், அந்த வேலிக்கும் காவலுக்கும் பல வருடத்துக்குப் பணம் வேண்டும், அதைச் சுரங்கம் நடத்தியவர் தருவாரா என்பதை நாற்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.