பட்டம் வேண்டாம் என்ற மாணவர்கள்

1923 ஜூன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. நாலு வருஷம் படித்து முடித்த பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எங்களுக்குப் பட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சையில் கோட்டை விட்டவர்கள் இல்லை, தேறியவர்கள்தான். தங்கள் கல்லூரித் தலைவரை அறங்காவலர் குழு ராஜினாமா செய்ய வைத்துவிட்டதே என்ற கோபம்.

அந்தத் தலைவர்தான் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான். இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், துணி ஆலையில் வேலை பார்த்தவரின் எட்டாவது பையன். கூட்டுறவு இயக்கம் பிறந்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்களே, அதே ராச்டேல்தான். எட்டு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார், தத்துவம் படித்தார், 1912இல் ஆம்ஹர்ஸ்டுக்குத் தலைவரானார். கல்லூரி என்பது யோசிக்கக் கற்றுக்கொள்ளும் இடம், விளையாட்டும் கேளிக்கையும் அப்புறம் என்று பதவியேற்ற அன்றே சொன்னவர்.

சரி, இவ்வளவு நல்லவரை ஏன் அனுப்பினார்கள்? எனக்கும் இவரைப் பிடிக்கும், ஆனாலும் தப்பு முழுக்க அறங்காவலர்கள் பக்கம் என்று சொல்ல மாட்டேன். இளம் ஆசிரியர்களைக் கொண்டுவந்து சேர்த்த வேகத்தில் மூத்த பேராசிரியர்களை ஓரங்கட்டினார், தன் சொந்த வரவுக்கு மேல் செலவு செய்து கடனும் வைத்தார், அந்தக் கடனை அறங்காவலர்கள் அடைக்க வேண்டி வந்தது, அதற்கப்புறம் எந்தக் குழு பொறுமையாக இருக்கும், சொல்லுங்கள். போகிறபோதும் மனிதர் இறங்கி வரவில்லை. வாழ்க்கையில் பெரும்பாலான விஷயங்களில் உங்களில் பெரும்பாலானவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, இனியும் அப்படித்தான் என்று முன்னாள் மாணவர்களின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

நான் சொல்ல வந்தது அடுத்ததுதான். 1927இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சோதனைக் கல்லூரி தொடங்கினார். இரண்டே வருஷம், தனித்தனிப் பாடங்கள் கிடையாது. முதல் வருஷம் முழுக்கப் பழைய ஏதென்ஸ், இரண்டாம் வருஷம் முழுக்க அமெரிக்கா. நடுவில் வருகிற கோடை விடுமுறைக்கு ஒரு வீட்டுப்பாடம் உண்டு: அவனவன் சொந்த ஊருக்குப் போய், அந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது, யார் அதை ஆள்கிறார்கள் என்று தானே விசாரித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். ஏதென்ஸைப் படித்துவிட்டுத் தன் தெருவுக்குள் நுழைகிற பத்தொன்பது வயசுப் பையனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

அதுவும் ஐந்தே வருஷம்தான். பொருளாதார மந்தம் வந்தது, சேருகிறவர்கள் குறைந்தார்கள், 1932இல் மூடிவிட்டார்கள். மைக்கிள்ஜான் கலிபோர்னியாவுக்குப் போய்ப் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்.