குஞ்ஞாலி மரைக்காயர் உங்கள் பாட்டனாரா?

[திரையில்: கொலாபாவின் வரைபடம், தென்முனையில் ஒரு சிவப்புப் புள்ளி]

வணக்கம். மும்பையின் தென்கோடியில் கடற்படைக்கு ஒரு ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. 2009 முதல் அதன் பெயர் ஐ.என்.எஸ். ஷிக்ரா. அதற்கு முன்னால் ஐ.என்.எஸ். குஞ்ஞாலி 2. அங்கே போய்க் கேமராவைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் வரைபடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாராவியிலோ பைதோனியிலோ கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர் கூடும் டீக்கடையில் குஞ்ஞாலி என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒரு பெரியவராவது நிமிர்ந்து உட்காருவார். "அது எங்க பாட்டனார் பேருல்லா தம்பி? நாங்க அவுக வம்சம்." பெயருக்குப் பின்னால் மரைக்காயர் என்று இருக்கும். அதுதான் அவர் காட்டும் ஒரே அத்தாட்சி.

அது போதுமா?

[திரையில்: மலபார் கடற்கரை, கோழிக்கோட்டிலிருந்து வடகரை வரை]

குஞ்ஞாலி மரைக்காயர் என்பது ஒரே ஆள் இல்லை. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைக்குத் தலைமை தாங்கிய நான்கு பேருக்கும் அந்தப் பட்டம். 16ஆம் நூற்றாண்டு முழுக்கப் போர்ச்சுகீசியக் கப்பல்களைத் தூங்கவிடாதவர்கள் இவர்கள். மூன்றாமவர் வடகரைக்குப் பக்கத்தில், இன்றைய இரிங்ஙலில், கோட்டை கட்டினார். நான்காமவர் முகமது அலி. இவருக்கும் சாமூதிரிக்கும் பகை முற்றியது. சாமூதிரி போர்ச்சுகீசியரோடு கைகோர்த்துக் கோட்டையை முற்றுகையிட்டார். 1599இல் முதல் தாக்குதல் தோற்றது. 1600இல், உயிருக்கு உத்தரவாதம் என்ற வாக்கை நம்பி முகமது அலி சரணடைந்தார். கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். அந்தத் தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பி, ஊர் பார்க்க வைத்தார்கள்.

சரி, மலபார்க்காரர் கதை ராமநாதபுரம் கடற்கரையில் எப்படி வேர் பிடித்தது? காரணம் இருக்கிறது.

[திரையில்: மண்டபம், வேதாளை, கீழக்கரை]

1538இல் இலங்கை அரசியலில் தலையிடப் புறப்பட்ட மரைக்காயர் கப்பற்படையை, மண்டபத்துக்கு அருகே வேதாளையில் போர்ச்சுகீசியர் மடக்கினார்கள். பெரும் தோல்வி. கீழக்கரைக்கு அது ரொம்பத் தூரமில்லை. அந்தக் கரையில் அப்போதே முத்தும் குதிரையும் அரிசியும் விற்ற முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். இரண்டு கரைக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆக, கதை ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஆனால் 'எங்கள் கடற்கரையில் அவர்கள் படை போரிட்டது' என்பது வேறு, 'நான் அவர் பேரன்' என்பது வேறு. முதலாவது நடந்தது. இரண்டாவதற்குத்தான் ஆதாரம் வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல் வருகிறது. நான்காம் குஞ்ஞாலி, மூன்றாமவரின் மகன் இல்லை. மருமகன், அதாவது சகோதரி மகன். வடமலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் மருமக்கத்தாயம் ஆழமாக இருந்தது. பட்டமும் சொத்தும் தாய்மாமனிடமிருந்து இறங்கும். நம் பெரியவரோ வாப்பா, அவருடைய வாப்பா என்று ஆண்வழியாகவே ஏறிப் போகிறார். பட்டம் இறங்கிய ஏணி ஒரு பக்கம், இவர் ஏறுகிற ஏணி இன்னொரு பக்கம்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 1600இலிருந்து சுமார் 425 ஆண்டுகள். தலைமுறைக்கு 30 என்று வைத்தால் 14 தலைமுறை. பெற்றோர் 2, அவர்களுடைய பெற்றோர் 4, அப்படியே இரட்டித்துப் போனால் 14ஆவது படியில் 16,384 இடங்கள். சொந்தத்திலேயே கட்டிக்கொள்கிற ஊர் நம்மது, ஒரே ஆள் பல இடத்தில் வருவார். அதனால் உண்மையான ஆட்கள் குறைவு. அந்த 16,384இல் வாப்பாவின் வாப்பா என்ற நேர்க்கோடு ஒன்றே ஒன்று. மிச்ச 16,383 வழிகளில் ஏதாவது ஒன்றில் குஞ்ஞாலி குடும்பத்து ரத்தம் கலந்திருந்தால் அது அதிசயமே இல்லை. ஆனால் அந்த வழியைப் பெயர் காட்டாது.

டி.என்.ஏ. சோதனை? எல்லோரும் கேட்பது. 14 தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் மரபணுத் துண்டு உங்களிடம் மிஞ்சாமலே போயிருக்க நிறைய வாய்ப்பு. ஆண்வழி ஒய் குரோமோசோம் மிஞ்சும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய மாதிரி எங்கே? உப்பிட்ட தலைக்குக் கல்லறை இல்லை.

[திரையில்: மும்பைக் கடலுக்கு அப்பால் அலிபாக்]

இதற்கு நேர் எதிர், கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே 1729இல் இறந்தார். சேகோஜி, சம்பாஜி, மானாஜி, துளாஜி என்று மகன்கள் பெயர் வரிசையாக எழுத்தில் இருக்கிறது. ஏன்? ஆள ஒரு நாடு இருந்தது. அண்ணன் தம்பி அதற்காக அடித்துக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வாரிசு இல்லை என்று சொல்லி 1840இல் அவர்களுடைய கொலாபா சமஸ்தானத்தை (மும்பைக் கொலாபா இல்லை, அலிபாக் பக்கத்தது) எடுத்துக்கொண்டது. சண்டை நடந்த இடத்தில் காகிதம் சேரும். குஞ்ஞாலி குடும்பத்துக்குக் கோட்டையே தரைமட்டமாகிவிட்டது.

போகிற போக்கில் நெல்சன்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தாராவியில் திருநெல்வேலி நெல்சன்கள் ஏராளம். பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் நெல்சன் இளவயதில் இந்தியக் கடல்களில் சுற்றி, காய்ச்சலில் விழுந்து 1776இல் ஊர் திரும்பியவர்தான். ஆனால் அவருக்குப் பிழைத்த ஒரே வாரிசு ஹொரேஷியா என்ற மகள். அவள் வார்டு என்பவரைக் கட்டிக்கொண்டாள். ஆண்வழியில் நெல்சன் என்ற பெயர் அவரிடமிருந்து இறங்கவே இல்லை!

அப்புறம் என்னதான் செய்வது? வீரரிடமிருந்து கீழே இறங்காதீர்கள், உங்களிடமிருந்து மேலே ஏறுங்கள். கீழக்கரை, காயல்பட்டினத்தில் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே குடிவருவார். அதனால் உம்மாவழியைப் பிடியுங்கள். உம்மாவின் உம்மா பிறந்த வீடு எந்தத் தெருவில், அது யார் எழுதிக் கொடுத்தது, பத்திரம் யாரிடம் இருக்கிறது? அதைக் கேட்டுவிட்டு ஊர் ஜமாஅத்தின் கல்யாணப் பதிவேட்டுக்குப் போங்கள். ஐந்தாறு தலைமுறை கிடைத்தாலே பெரிய விஷயம். டீக்கடைப் பெரியவரிடம் ஆரம்பிக்க வேண்டாம், அவர் வீட்டம்மாவிடம் ஆரம்பியுங்கள்.