கோப்பையா, கூட்டாளியா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அடுப்பு வேலையை அரைவாசியில் விட்டுவிட்டு வந்து பாய் விரித்து இருந்து கேட்கிற எங்கட மட்டக்களப்புச் சனங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

அணியாகச் சேர்ந்து ஓடுகிற நெடுந்தூரப் பந்தயத்தில் பெரிய இன்பம் கோப்பையா, கூட்டாளியா என்பது தலைப்பு. நான் கூட்டாளியின் பக்கம். எதிரணித் தலைவர் மூன்று விசயம் சொன்னார். கோப்பை இல்லையென்றால் அது பந்தயம் இல்லை, ஊர்வலம் என்றார். தனியாளே 24 மணி நேரமும் கார் ஓட்டி முடித்திருக்கிறார், கூட்டாளி எதற்கு என்றார். மூன்றாவதாக, தோற்றவன்தான் கூட்டாளியைப் பற்றிப் பேசுவான் என்றார். மூன்றாவது கொஞ்சம் தைத்தது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

அவர் சொன்ன தனியாள் எடி ஹால். 1950-ஆம் ஆண்டு, பிரான்சில் லு மான் 24 மணி நேரப் பந்தயம், பென்ட்லி கார். ஒருவராகவே ஓட்டி எட்டாமிடம் வந்தார். உண்மை, அந்த மனிதருக்கு என் மரியாதை. ஆனால் நண்பர் 1950-உடன் நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் கழித்து அதே லு மானில் நடந்ததை நான் சொல்கிறேன். பியர் லெவெக் என்று ஒருவர். அவருக்கு இணை ஓட்டுநர் இருந்தார், பெயர் ரெனே மார்ஷான். லெவெக் வண்டியைக் கையளிக்கவே இல்லை. இரவு முழுக்க அவர், விடிந்த பிறகும் அவர். நாலு சுற்று முன்னுக்கு நின்றார். முடிவு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் என்ஜின் உடைந்து வண்டி நின்றது. களைத்த கை கியரைப் பிழைவிட்டதென்று ஒரு சாரார், என்ஜினிலேயே பழுது இருந்ததென்று இன்னொரு சாரார். அது அவர்கள் வாதம். என் மனம் போவது அந்த மார்ஷானிடம். பயிற்சி எடுத்து, உடுத்து, வந்து நின்ற மனிதனுக்கு அன்று ஒரு சுற்றுக்கூடக் கிடைக்கவில்லை.

இன்றைக்கு லு மானில் அப்படி ஓட்ட விதியே விடாது. ஆறு மணி நேரத்துக்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் ஓட்டக்கூடாது. முழுப் பந்தயத்திலும் 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இன்னொன்றும் உண்டு. 2024 முதல் அங்கே எல்எம்ஜிடி3 என்ற பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு ‘வெண்கல’ ஓட்டுநராவது இருந்தாக வேண்டும். வெண்கலம் என்றால் பதக்கம் இல்லை, தரப்படுத்தலில் ஆகக் கீழ்ப்படி. பெரும்பாலும் வேறு தொழில் பார்த்துக்கொண்டு, ஆசைக்காக வந்து ஓட்டுகிறவர்கள். உலகத்தின் ஆகப் பெரிய நெடுநேரப் பந்தயம், ஆசைக்கு ஓட்டுகிறவனுக்கு ஒரு இருக்கையைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஓட்டுநர் மாறுவதை எப்போதாவது பாருங்கள். வேர்த்து ஒழுக இறங்குகிறவர் ஓடிப்போய்த் தண்ணீர் குடிப்பதில்லை. குனிந்து, அடுத்தவருக்குப் பட்டி பூட்ட உதவிவிட்டுத்தான் விலகுகிறார்.

தமிழ் பேசுகிற எல்லாருக்கும் தெரிந்த கதைக்கு வருகிறேன். 2025 ஜனவரி, துபாய் 24 மணி நேரப் பந்தயம். நடிகர் அஜித் குமார் தன் பெயரிலேயே அணி அமைத்துப் போனார். பயிற்சியில் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அதன் பிறகு, அணியின் நலனுக்காக அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவரே விலகிக்கொண்டார். தன் அணி, தன் கார், தன் பெயர். இருக்கையை மட்டும் விட்டுக்கொடுத்தார். வேறு பிரிவில் வேறோர் அணியின் காரில் ஓட்டினார். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் வந்தபோது அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு துள்ளிய துள்ளலை இங்கே பாதிப்பேர் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். தான் ஓட்டாத வண்டிக்குக் கிடைத்த மூன்றாமிடத்துக்கு ஒரு மனிதன் அப்படித் துள்ளுகிறான் என்றால், நடுவர் அவர்களே, அந்த இன்பத்துக்கு எதிரணி என்ன பெயர் வைக்கப்போகிறது?

கோப்பை இல்லாவிட்டால் ஊர்வலம் என்றவருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2006-இல் லெமன்ஸ் என்றொரு பந்தயம் தொடங்கினார்கள். பாதுகாப்புச் சாமான்களைச் சேர்க்காமல் 500 டொலருக்கு மேற்படாத கார், கூட்டாளிகள் நாலைந்து பேர், அவ்வளவுதான். அங்கே ஆகப் பெரிய மதிப்பு முதலாவதாக வந்த காருக்கு இல்லை. ஓடவே ஓடாது என்று எல்லாரும் கைவிட்ட காரை ஓட வைத்த அணிக்கு. அவ்வளவு தூரம் போவானேன்? எங்கட கண்ணகி அம்மன் கோயில்களில் வடசேரி, தென்சேரி என்று இரண்டு பக்கமாக நின்று, கொழுவிய கொம்புகளில் ஒன்று முறியும்வரை இழுக்கிற கொம்புமுறி விளையாட்டின் வழியில் வந்தவர்கள் நாங்கள். முறிந்தால் சேரியின் கொம்பு முறிந்தது என்போமே தவிர, ஓராளின் பெயர் சொல்வோமா?

சரி, என் கதை.

ஐந்து பேர், ஒரு சைக்கிள். கல்லடியில் இருந்து பொத்துவில் வரை, 100 கிலோமீற்றருக்கு மேல். ஏழு அணிகள் ஓடின. பத்துப் பத்துக் கிலோமீற்றராக ஆள் மாறலாம், சைக்கிள் மாறக்கூடாது. மற்ற நாலு பேரும் பின்னால், பட்டா என்கிற சின்ன லொறியில். எங்களில் ஒருவர் தச்சுத் தொழிலாளி, ஆறடி. ஒருவர் ஆசிரியர். ஒருவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிறவர். ஒருவர் வாவியில் வலை போடுகிறவர். ஐந்தாவது நான், எல்லாரிலும் கட்டை. ஒரே சீற் ஐந்து பேருக்கும் எப்படிச் சரிவரும்? தச்சுத் தொழிலாளி சீற் கம்பியில் ஐந்து நிறத்தில் டேப் சுற்றிவிட்டார். கம்பியில் ஆகக் கீழே அவருடைய கறுப்பு, ஆக மேலே என்னுடைய சிவப்பு. வண்டி வந்து நின்றதும் இறங்கினவரே ஆணியைத் தளர்த்தி, அடுத்தவருடைய நிறத்துக்கு ஏற்றியோ இறக்கியோ இறுக்கிக் கொடுக்க வேண்டும். தன் நிறத்தைத் தான் தொடக்கூடாது. இதை யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. முதல் நாள் பயிற்சியில் ஆசிரியர் செய்தார், பிறகு எல்லாரும் செய்தோம்.

இறங்குகிறவர் வழியும் சொல்லுவார். “வலப்பக்கத்துக் காத்து, குனிஞ்சு ஓடு. வளைவு தாண்டினா மணல், பிறேக் அடிச்சிராத.” ஆனிக் கடைசி. கச்சான் காற்று நெருப்பாக வீசுகிறது. களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், திரும்பவும் தமிழ் ஊர். அந்த வீதியை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முன்பொரு காலம் ஒரு ஊரில் இருந்து அடுத்த ஊருக்குப் போகவே எங்கள் தகப்பன்மார் யோசித்த வீதி அது. அன்று சாய்ந்தமருதில் காத்தான்குடி நண்பருடைய சொந்தக்காரர்கள் வாளி நிறைய ஐஸ் தண்ணீரோடு நின்று, என் தலையில் ஊற்றினார்கள்.

திருக்கோவில் கழிந்து தாண்டியடியும் போய்விட்டது. ஒன்பதாவது முறை, ஓட்டம் என்னுடையது. கோமாரிக்கு முன்னால் வீடுவாசல் இல்லாத இடத்தில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்து, ரியூப் வெளியே தள்ளி வெடித்தது. மேலதிக ரியூப் ஒன்று இருந்தது. டயர் இல்லை. கிழிந்த டயருக்குள் எத்தனை ரியூப் போட்டாலும் வெடிக்கும். இரண்டு அணிகள் எங்களைக் கடந்து போயின. நான் வீதியோரத்தில் குந்திவிட்டேன். என் முறையில்தானே போனது என்ற நினைப்பு.

வலைக்காரர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தைச்சுப் பாப்பம்” என்றார். அவர் மடியில் தங்கூசி என்கிற நைலோன் இழை எப்போதும் இருக்கும். ஊசிதான் இல்லை. அந்த நேரம் கதிர்காமப் பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று வேலோடு வந்தது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் இருந்து ஒரு மாதத்துக்கு மேல் நடந்து வந்தவர்கள். ஒரு கிழவி மூட்டையை இறக்கி, சாக்கு தைக்கிற ஊசியை எடுத்துக் கொடுத்தா.

கிழிந்த ஓட்டையை வலை பொத்துகிற மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தார். உள்ளே பழைய ரியூப் துண்டை மடித்து வைத்தோம். காத்தான்குடி நண்பர் தன் சாரத்தைப் பிடித்து நிழல் செய்தார், ஆசிரியர் டயரை விரித்துப் பிடித்தார், தச்சர் பம் அடித்தார். ஒரு ஆள் குறைந்தாலும் அந்த வேலை நடந்திராது. ஊசியைத் திருப்பிக் கொடுக்கத் தேடினால் கூட்டம் நடந்துவிட்டது. வலைக்காரர் கூப்பிட்டார். “அம்மா, உங்கட ஊசி!” கிழவி திரும்பிப் பார்த்துச் சொன்னா: “கதிர்காமத்தில தா மனே.”

சீற் சிவப்பிலேயே நின்றது. யாரும் அதை மாற்றவில்லை. மிச்சத்தையும் என்னையே ஓடச் சொன்னார்கள். ஏழு அணியில் ஆறாவதாகப் பொத்துவிலைத் தொட்டோம்.

தோற்றவன்தான் கூட்டாளியைப் பற்றிப் பேசுவான் என்றாரே, அவருக்கு இது: அடுத்த வருடம் நாங்கள் இரண்டாமிடம் வந்தோம். கேடயம் தந்தார்கள், சந்தோசப்பட்டோம், அதை மறைக்கவில்லை. இப்போது அது யாருடைய வீட்டில் இருக்கிறதென்று நாங்கள் ஐந்து பேரும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஊசி எங்கே என்று கேளுங்கள், ஒரே நேரத்தில் ஐந்து பேரும் சொல்லுவோம். சைக்கிளின் சாவிப் பைக்குள், சிவப்பு டேப் சுற்றி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் எங்களில் ஒருவர் அதைக் கொண்டு உகந்தையால் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் நடக்கிறார். போன முறை ஆசிரியர் போனார். கிழவியைக் காணவில்லை என்று திரும்பக் கொண்டுவந்து பையில் போட்டார். வருகிற ஆனியில் முறை என்னுடையது, நடுவர் அவர்களே.