எந்த வலை, எந்த இடத்தில்?

வணக்கம் நேயர்களே.

வயிற்றில் குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொன்னதும் கூட வந்தவர்கள் முதலில் கேட்பது, "மெஷ் என்ன விலை சார்?" என்பதுதான். மெஷ் என்றால் ஓட்டையை அடைத்துப் பலப்படுத்த வைக்கிற வலை. மேலூரிலிருந்து வந்தாலும் சரி, மதுரை அண்ணா நகரிலிருந்து வந்தாலும் சரி, இந்தக் கேள்வி மாறுவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "அதை எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்?" இதற்குப் பதில் கிடைத்தால் என்ன வலை, என்ன விலை என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

வயிற்றுச் சுவரில் தசை விலகிய இடம் வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே தள்ளுவதுதான் குடலிறக்கம். தொப்புளில் வரும், தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் வரும். நம் பக்கத்துப் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது சிசேரியன் தழும்பிலும், கர்ப்பப்பை எடுத்த தழும்பிலும் வருகிற புடைப்பு. ஆபரேஷன் முடிந்து சில வருஷம் கழித்து, தண்ணீர்க் குடம் தூக்கும்போதோ இருமும்போதோ அந்த இடம் பந்து மாதிரி எழும்பும்.

வெறும் தையல் போட்டு மூடினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தழும்பில் வந்த குடலிறக்கங்களை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்த முடிவு 2004-இல் வெளியானது. தையல் மட்டும் போட்டவர்களில் 63 சதவீதம் பேருக்கும், வலை வைத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கும் குடலிறக்கம் திரும்ப வந்திருந்தது. வலை வைத்தாலும் மூன்றில் ஒருவருக்குத் திரும்பியிருக்கிறது என்பதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் வித்தியாசம் பெரியது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தொப்புள் ஓட்டைக்குத் தையலே போதும் என்று முடிவு செய்வதும் உண்டு. அதை உங்கள் மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

1958-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் வலையை இதற்குப் பயன்படுத்தி எழுதினார். இன்று மிகப் பரவலாக இருப்பது பாலிப்ரொப்பிலீன் வலை. கையில் எடுத்தால் வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். வேட்டி போல் நெய்தது இல்லை, பனியன் துணி போல் பின்னியது. அதனால்தான் கத்தரியால் எந்த வடிவத்தில் வெட்டினாலும் நூல் பிரிவதில்லை, உடம்போடு சற்று இழுபட்டும் கொடுக்கும்.

வலையில் கவனிக்க வேண்டியவை எடையும் கண்ணும். சதுர மீட்டருக்கு 90 கிராமுக்கு மேல் இருந்தால் கனமான வலை, 50-க்குக் கீழே இருந்தால் லேசான வலை. கனம் கூடினால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உடம்புக்குள் பிளாஸ்டிக் கூடக் கூட, சுற்றிலும் வடுத் திசு தடித்து, வயிறு பலகை மாதிரி விறைத்துப்போகும். அதற்காக எல்லோருக்கும் லேசானதையே வைத்துவிடவும் முடியாது. ஓட்டை பெரிதாக இருந்து, அதை மூடாமல் மேலே வலையை மட்டும் பரப்பினால், மிக லேசான வலை நடுவில் கிழிந்த சம்பவங்கள் உண்டு.

வலைக்கண் சிறியதாக இருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கிருமி ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. அதைத் தின்று அழிக்கும் வெள்ளணு 10 மைக்ரானுக்கு மேல். கண் அதைவிடக் குறுகலாக இருந்தால் கிருமி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், வெள்ளணு வாசலிலேயே நின்றுவிடும். பல இழைகளை முறுக்கிய நூலிலும் இதே சிக்கல்தான். ஒற்றை இழை, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கண் உள்ள வலையைத்தான் நான் விரும்பி எடுப்பேன்.

இனி இடம். சாதாரண பாலிப்ரொப்பிலீன் குடலைத் தொடவே கூடாது. தொட்டால் குடல் அதில் ஒட்டிக்கொள்ளும், சிலருக்கு வருஷங்கள் கழித்துக் குடலையே அரித்து ஓட்டையாக்கும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், வயிற்றுக்குள்ளிருந்து வலையைப் பொருத்துவதாக இருந்தால், குடலைப் பார்க்கும் பக்கத்தில் ஒட்டாத பூச்சு உள்ள இரட்டை அடுக்கு வலை வேண்டும். விலை ஏறுவது அங்கேதான். வலையைத் தசைக்குப் பின்னால், வயிற்றின் உள்ளுறைக்கு வெளியே வைத்தால் குடலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சாதாரண வலை போதும். இதைத் திறந்தும் செய்யலாம், இப்போது பயிற்சி உள்ளவர்கள் லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள். நேரமும் பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார், களையெடுக்கும் வேலை. மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கி இருமச் சொன்னேன். தழும்புக்கு அடியில் மூன்று விரல் நுழைகிற இடைவெளி, விளிம்பு கயிறு மாதிரி தட்டுப்பட்டது. மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நகைய அடகு வச்சுக்கூடக் கட்டிர்றேன். ஒசத்தி வலையாப் பாத்துப் போடுங்க" என்றார். ஓட்டை 5 சென்டிமீட்டர், நாலா பக்கமும் 5 சென்டிமீட்டர் தாண்டி நிற்க வேண்டும், ஆக 15-க்கு 15 வலை, தசைக்குப் பின்னால், சாதாரணமானதே போதும் என்று தாளில் வரைந்து காட்டினேன். அவருக்கு நம்பிக்கை வர நேரம் பிடித்தது. விலை குறைந்ததை வைத்தால் அம்மாவுக்குக் குறை வைத்ததாகிவிடுமோ என்கிற தவிப்பு அது. அந்தத் தவிப்பை வைத்து யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பன்றித் தோலில் செய்த வலை என்றும் ஒன்று உண்டு. கிருமித் தொற்று வாய்ப்புள்ள வயிற்றுக்கு அதுதான் பத்திரம் என்று நெடுங்காலம் நம்பினோம். 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வில், இரண்டாண்டு முடிவில் சாதாரணச் செயற்கை வலை வைத்தவர்களுக்குத்தான் குடலிறக்கம் குறைவாகத் திரும்பியது. தோல் வலையின் விலையோ நூறு மடங்குக்கும் மேல்.

வேறொரு பக்கமும் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சாவில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்கான்கர், கொசுவலைத் துணியை முறைப்படி கிருமி நீக்கி ஏழை நோயாளிகளுக்கு வைத்தார். உகாண்டாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்விலும், தொடையிடுக்கில் வரும் குடலிறக்கத்துக்கு அந்த மலிவு வலை விலை கூடிய வலைக்குக் குறைந்ததாக இல்லை. பெரிய வயிற்றுக் குடலிறக்கத்துக்கு அதை அப்படியே பொருத்திப் பேச முடியாது. கடையில் வாங்கி வந்து கொடுக்கிற சங்கதியும் இல்லை.

எந்த வலையானாலும் பீடி, சிகரெட்டை நாலு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். புண் ஆறாமல் சீழ் பிடிப்பதற்கு அது பெரிய காரணம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள். இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் முதலில் வைத்தியம் பாருங்கள். இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிற பெண்கள், தொந்தரவு இல்லையென்றால் பிரசவம் முடியும்வரை தள்ளிப்போடுவது பற்றிக் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது வலையின் உறையில் உள்ள ஸ்டிக்கரை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பெயர், அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) அதில் இருக்கும். பிற்பாடு வேறு எந்த ஆபரேஷனுக்கு வயிற்றைத் திறந்தாலும் அந்த மருத்துவருக்கு அது வேண்டும்.

புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்று வலையைப் பற்றிய யோசனையே தேவையில்லை. உள்ளே சிக்கிய குடலைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. ராத்திரியானாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ, மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கோ கிளம்பிவிடுங்கள். 108-க்கு அடித்தால் வண்டி வரும்.

நன்றி, வணக்கம்.